பழைய தத்துவம் பருவநிலை மாற்றத்துக்கு உதவுமா?

முந்நூறு வருடத்துக்கு முன் எழுதியவர்களுக்குக் கரியமில வாயுவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். வாயுவைப் பற்றித் தெரியாதுதான். மனிதர்களைப் பற்றி நன்றாகவே தெரியும்.

ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞரான டேவிட் ஹியூம் 1740-இல் ஓர் உதாரணம் சொன்னார். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு புல்வெளி, அதில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. இருவரும் பேசி, வடித்துவிடுவார்கள். ஒருவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நழுவினால் வேலை அதோடு நின்றுவிடும்; அது இருவருக்கும் தெரியும். அதே புல்வெளி ஆயிரம் பேருக்குச் சொந்தமானால்? ஒவ்வொருவரும் ஏதாவது சாக்குச் சொல்லிச் செலவை அடுத்தவர் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

கரியமில வாயு போன்றவற்றை வெளியிடுவதைக் குறைக்க நாடுகள் போட்ட 1997 கியோட்டோ ஒப்பந்தத்தின் கதை அச்சு அசலாக இதுதான். அமெரிக்கா கையெழுத்துப் போட்டது, உறுதிசெய்யவே இல்லை. கனடா 2011-இல் விலகுவதாக அறிவித்தது.

சரி, ஹியூம் சொன்ன மருந்து என்ன? அரசாங்கம். உலகம் முழுமைக்கும் அப்படி ஒன்று கிடையாதே! இங்கே மனிதர் நம்மைக் கைவிட்டுவிடுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் வந்த மாண்ட்ரியல் ஒப்பந்தத்தைப் பாருங்கள். சேராத நாடுகளோடு ஓசோனை அரிக்கும் ரசாயனங்களை வாங்கவோ விற்கவோ கூடாது என்று விதி வைத்தார்கள். அப்புறம் வளரும் நாடுகளுக்கு நிதியும் ஒதுக்கினார்கள். வெளியே நிற்பதுதான் நஷ்டம் என்றாகிவிட்டது. அந்த ரசாயனங்களைத் தயாரித்த கம்பெனிகளும் கொஞ்சம்தான். ஆயிரம் பேர் புல்வெளி இரண்டு பேர் புல்வெளியாகச் சுருங்கிய மாதிரி. நிலக்கரிக்கும் பெட்ரோலுக்கும் அந்த வசதி இல்லை. அவை நம் எல்லோர் வீட்டு வாசல் வரை வந்துவிட்டவை.