ரூல் ஏன் வாய் திறக்கவில்லை? டேட்டா டைப் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் அத்தனையும், சாதனங்கள் அனுப்பும் செய்திகளை எஸ்.க்யூ.எல். குவெரியால் வடிகட்டி மற்ற சேவைகளுக்கு அனுப்பும் ஏ.டபிள்யூ.எஸ். ஐ.ஓ.டி. கோரின் ரூல் இன்ஜினைப் பற்றியவை. எஸ்.க்யூ.எல். அடிப்படை தெரிந்தவர்களுக்காகவே பதில் எழுதுகிறேன்.

கே: வெப்பநிலை > 25 என்று போட்டால் ரூல் ஓடுகிறது. = 30 என்று மாற்றினால், 30 டிகிரி வந்தும் ஓடுவதில்லை. ஏன்?

ப: உங்கள் சென்சார் 30 அனுப்பவில்லை, "30" அனுப்புகிறது. மேற்கோள் குறிக்குள் இருப்பதால் அது எண் அல்ல, ஸ்ட்ரிங் (எழுத்து வரிசை). பெரிது, சிறிது ஒப்பீடுகளில் ஸ்ட்ரிங்கை டெசிமலாக மாற்ற முடிந்தால் இன்ஜின் தானே மாற்றிக்கொள்ளும். சமக்குறிக்கு அந்தச் சலுகை கிடையாது. இரு பக்கமும் டைப் வேறாக இருந்தால் விடை ஃபால்ஸ்தான். ஃபீல்டை காஸ்ட் செய்து டெசிமலாக்கிவிட்டு ஒப்பிடுங்கள். முடிந்தால் ஃபர்ம்வேரிலேயே மேற்கோள் குறியை எடுத்துவிடுங்கள். குவெரியில் கை வைப்பதற்கு முன் மூலப் பேலோடை (சாதனம் அனுப்பிய செய்தியின் உள்ளடக்கத்தை) பாருங்கள்.

கே: 5 லிட்டரோடு 3 கூட்டினால் 53 வருகிறது. கழித்தால் சரியாக 2 வருகிறது!

ப: ஒரு பக்கம் ஸ்ட்ரிங் இருந்தால் + குறி ஒட்டும், கூட்டாது. கழித்தல் குறிக்கு ஒட்டுகிற வேலை இல்லாததால் எண்ணாக மாற்றிப் பார்க்கிறது. கூட்டுமுன் காஸ்ட் செய்யுங்கள்.

கே: ரூல் வேலை செய்யவில்லை. அவசரம், உடனே பதில் தரவும்.

ப: எந்த ரூல்? என்ன பேலோடு? மூன்றை அனுப்புங்கள்: எம்.க்யூ.டி.டி. (சாதனங்கள் செய்தி அனுப்பும் நெறிமுறை) டெஸ்ட் கிளையன்டில் தெரிகிற மூலப் பேலோடு, குவெரியின் முழு வரி, எஸ்.க்யூ.எல். வெர்ஷன். ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம். மேற்கோள் குறி அதில் மங்கிப்போகிறது, நமக்கு வேண்டியதே அதுதான்.

கே: சாதனம் "28.5 C" என்று அனுப்புகிறது. 25-க்கு மேல் என்று நிபந்தனை. ரூல் ஓடவில்லை, எர்ரர் ஆக்‌ஷனும் வரவில்லை. எங்கே தேடுவது?

ப: அந்த C இருப்பதால் எண்ணாக மாற்ற முடியவில்லை. அதனால் ஒப்பீட்டின் விடை ட்ரூவும் இல்லை, ஃபால்ஸும் இல்லை, அன்டிஃபைன்ட் (மதிப்பே இல்லாத நிலை). குவெரியின் வேர் (WHERE) பகுதி அன்டிஃபைன்ட் ஆனால் ரூல் பேசாமல் இருந்துவிடும். எர்ரர் ஆக்‌ஷன் என்பது ஆக்‌ஷன் (செய்தி பொருந்தியதும் ரூல் செய்யும் வேலை) தோற்றால் மட்டுமே ஓடுவது, குவெரிக் கோளாறுக்கு அது காவல் இல்லை. அதற்கு கிளவுட்வாட்ச் லாகை (ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் பதிவுச் சேவை) இயக்கி, லெவலை டீபக்கில் வையுங்கள்.

அதைவிடச் சீக்கிரமான வழி ஒன்று உண்டு. வேர் பகுதி இல்லாத சோதனை ரூல் ஒன்று போடுங்கள். செலக்டில் நட்சத்திரக் குறிக்குப் பக்கத்தில் அந்த நிபந்தனையையே ஒரு ஃபீல்டாக எழுதி, 'சோதனை' என்று பெயர் கொடுத்து வேறொரு டாபிக்குக்கு (செய்தி போகும் தடத்துக்கு) ரீபப்ளிஷ் செய்யுங்கள். ஃபால்ஸ் என்று வந்தால், முதலில் சமக்குறியா என்று பாருங்கள். சமக்குறி இல்லையென்றால் டைப்பில் சிக்கல் இல்லை, மதிப்புதான் எட்டவில்லை. அந்த ஃபீல்டே காணாமல் போனால் அன்டிஃபைன்ட். ஜேசனில் (பேலோடு எழுதப்படும் வடிவம்) அதற்கு இடமில்லாததால் இன்ஜின் விட்டுவிடுகிறது. ஃபீல்டு பெயரை எழுத்துப் பிழையோடு எழுதினாலும் இதே விளைவுதான், அதையும் சரிபாருங்கள்.

யூனிட்டைக் கழற்ற, ரீஜெக்ஸ் சப்ஸ்ட்ரிங் ஃபங்ஷனில் '-?[0-9.]+' என்ற பேட்டர்னைக் கொடுத்து, கிடைப்பதை டெசிமலாகக் காஸ்ட் செய்யுங்கள். முன்னால் உள்ள -? விட்டுப்போனால் குளிர்பதன அறையின் மைனஸ் 18, பிளஸ் 18 ஆகிவிடும்.

எச்சரிக்கை: ரூல் கேட்கிற அதே டாபிக்குக்கு ரீபப்ளிஷ் செய்யாதீர்கள். சுற்றிச் சுற்றி ஓடும், பில்லும் கூடவே ஏறும்.

கே: மோட்டார் நிலை "ON" என்று வருகிறது. பூலியனாகக் காஸ்ட் செய்தும் பயனில்லை.

ப: ஸ்ட்ரிங்கில் ட்ரூ, ஃபால்ஸ் என்ற இரண்டு சொற்கள் மட்டுமே பூலியன் ஆகும். உங்களுடையது ஸ்ட்ரிங், ஸ்ட்ரிங்காகவே ஒப்பிடுங்கள். சில சாதனங்கள் சின்ன எழுத்தில் அனுப்பும் என்பதால் லோயர் ஃபங்ஷனைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கே: சிம் கார்டின் ஐ.சி.சி.ஐ.டி.யை (அதன் அடையாள எண்) எண்ணாக அனுப்புகிறோம். ரூலில் சரியாக இருக்கிறது, லாம்டாவில் (ரூல் கூப்பிடும் ஏ.டபிள்யூ.எஸ். நிரல்) கடைசி இலக்கங்கள் மாறிவிடுகின்றன. சில சாதனங்களின் செய்தி மட்டும் ரூலுக்கே வருவதில்லை. காஸ்ட் செய்தால் போதுமா?

ப: போதாது. ஐ.சி.சி.ஐ.டி., ஐ.எம்.இ.ஐ. (சாதனத்தின் அடையாள எண்), மீட்டர் நம்பர், பின்கோடு எதையும் எண்ணாக அனுப்பாதீர்கள் என்று இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதினாலும் மாதம் தவறாமல் இதே கடிதம் வருகிறது. கூட்டிக் கழித்துப் பார்க்காத எதுவும் எண் அல்ல, அடையாளம். அடையாளத்துக்கு உரிய டைப் ஸ்ட்ரிங்.

உங்களிடம் நடப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். முதலாவது துல்லியம். ரூல் இன்ஜின் 34 இலக்கம் வரை தாங்கும், அதனால்தான் அங்கே சரியாகத் தெரிகிறது. நோட் ஜே.எஸ்.ஸில் எழுதிய லாம்டா ஜேசனைப் பிரித்ததும் அது ஜாவாஸ்கிரிப்ட் எண்ணாகிறது. அதில் முழு எண்ணை நம்பக்கூடிய எல்லை 9007199254740991, அதாவது சுமார் 16 இலக்கம். ஐ.சி.சி.ஐ.டி. 19, 20 இலக்கம். மீதி உருண்டுபோகிறது (ரவுண்ட் ஆகிவிடுகிறது). இதில் எர்ரர் எதுவும் வராது. தவறான சிம்முக்குத் தகவல் பதிவாகி, மாதக் கடைசியில் பில்லிங்கில்தான் வெளியே தெரியும்.

இரண்டாவது முன்பூஜ்ஜியம். ஜேசனில் 0-வில் தொடங்கும் முழு எண் செல்லாது. கூடவே அனுப்பும் ஐ.எம்.இ.ஐ. 01 என்று தொடங்கினால் அந்த ஃபீல்டு மட்டுமல்ல, முழுப் பேலோடுமே ஜேசன் இல்லை. ரூல் எதைப் படிக்கும்? வராமல் போகிற சாதனங்களின் எண்களை எடுத்துப் பாருங்கள், பூஜ்ஜியத்தில் தொடங்கும்.

ஃபர்ம்வேரை மாற்றுவதுதான் தீர்வு. அதுவரை, ஐ.சி.சி.ஐ.டி.யை ரூலிலேயே ஸ்ட்ரிங்காகக் காஸ்ட் செய்து லாம்டாவுக்கு அனுப்பலாம். முன்பூஜ்ஜியக் கோளாறுக்கு இந்த ஒட்டு உதவாது. ஏற்கெனவே உருண்டுபோன எண்களை மீட்கவும் முடியாது, சிம் கொடுத்தவரின் பட்டியலை வைத்துத்தான் திருத்த வேண்டும்.

கே: கன்சோலில் செய்த ரூல் சரி. அதே குவெரியை சி.எல்.ஐ. (கட்டளை வரி) வழியாகப் போட்டால் உள்ளடங்கிய ஃபீல்டுகள் சரியாக வருவதில்லை.

ப: எஸ்.க்யூ.எல். வெர்ஷன் குறிப்பிடவில்லையா? குறிப்பிடாவிட்டால் 2015-10-08 எடுத்துக்கொள்ளும். 2016-03-23 என்று போடுங்கள். உள்ளடங்கிய ஆப்ஜெக்ட், அரே கோளாறுகள் அதில்தான் சரிசெய்யப்பட்டன.

கே: டைனமோ டி.பி.யில் (ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் டேட்டாபேஸ்) எழுதும்போது கீ டைப் பொருந்தவில்லை என்கிறது. நேர முத்திரைதான் சார்ட் கீ (வரிகளை வரிசைப்படுத்தும் கீ).

ப: டேபிளில் நம்பர், பேலோடில் ஸ்ட்ரிங். டேபிளை உருவாக்கிய பிறகு கீ டைப்பை மாற்ற முடியாது, ஆகவே செலக்டில் காஸ்ட் செய்யுங்கள். நேரத்தின் அளவையும் பாருங்கள்: சாதனங்கள் பெரும்பாலும் வினாடியில் அனுப்பும், 10 இலக்கம். இன்ஜினின் டைம்ஸ்டாம்ப் ஃபங்ஷன் தருவது மில்லிவினாடி, 13 இலக்கம். இரண்டும் எண்கள் என்பதால் எந்த எர்ரரும் வராது, ஆனால் வரிசை குலைந்துவிடும். வினாடியை 1000-ஆல் பெருக்கி ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே எழுதுங்கள். பழைய வரிகளுக்கும் இதையே செய்ய வேண்டும். சார்ட் கீயை இருந்த இடத்தில் திருத்த முடியாது, புதிய வரி எழுதிப் பழையதை நீக்குங்கள்.