பழுது பார்க்க ஆளில்லாத இடத்தில் கீபோர்டு தொல்லை கொடுத்தால் என்ன செய்வது?

உங்கள் இசைக் கீபோர்டில் சில கட்டைகள் ஒலிக்க மறுக்கின்றன, சில திடீரென்று அலறுகின்றன, பழுது பார்ப்பவர் எவரும் எட்டும் தொலைவில் இல்லை, புதிது வாங்குவதுதான் வழியா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு வாங்காதீர்கள். அதே மாதிரியான ஒரு கீபோர்டுடன் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நீங்கள் யாருக்காகவோ வாசிப்பவராக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தனக்காக வாசிப்பவருக்கு ஒரு கட்டை ஊமையானால் எரிச்சலோடு போய்விடும். பாடுபவருக்குத் துணையாக வாசிப்பவருக்கு அப்படி இல்லை. நான் விடுதியோடு கூடிய ஒரு பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்தேன். அங்கிருந்து பழுது பார்க்கும் இடத்துக்குப் போய்வர முழுதாக இரண்டு நாள் ஆகும். ஒரு நிகழ்ச்சியில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி தாலாட்டுப் போன்ற மெதுவான பாட்டு ஒன்றைத் தனியாகப் பாடினாள். இரண்டாவது வரியில் நான் மெல்லத் தொட்ட ஒரு கட்டை முழு வேகத்தில் குத்தியது போல் வெடித்தது. பிள்ளை பாட்டை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கருவியின் கோளாறு என்று அரங்கில் யாருக்குத் தெரியும்? அந்த ஆண்டு முழுவதும் அவள் தனியாகப் பாட ஒப்புக்கொள்ளவே இல்லை. அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கீபோர்டைக் கட்டிப் பழுது பார்க்க அனுப்பினேன். ஏழு வாரம் கழித்து, 'பழுது எதுவும் இல்லை' என்ற சீட்டோடும் முனை உடைந்த ஒரு வெள்ளைக் கட்டையோடும் திரும்பி வந்தது. அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. பிறகு யோசித்தபோது ஒன்று புரிந்தது. இருபது முறைக்கு ஒரு முறை வரும் கோளாறு அது. அங்கே ஒவ்வொரு கட்டையையும் ஒரு முறை அழுத்திப் பார்த்திருப்பார்கள், எல்லாம் ஒலித்திருக்கும். எந்தக் கட்டை, எப்போது, எப்படித் தொட்டால் என்று நானும் எழுதி அனுப்பவில்லை.

ஆகவே முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள், ஸ்குரூ டிரைவர் பிறகு. கறுப்பு, வெள்ளை இரண்டையும் சேர்த்து, கட்டைகளுக்கு இடப்பக்கத்திலிருந்து எண் கொடுங்கள். 61 கட்டைக் கீபோர்டில் நடு 'சி' 25ஆவதாக வரும். எந்த எண் தவறியது, மெதுவாகத் தொட்டீர்களா அழுத்தினீர்களா, அடாப்டரா பேட்டரியா, காற்றில் ஈரம் இருந்ததா என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். என் நோட்டில் 29 திரும்பத் திரும்ப வந்தது. மெதுவாகத் தொட்டபோது மட்டுமே அது அலறியிருந்தது. ஈரமான நாட்களில் அதிகம்.

காரணம் இதுதான். தொடும் வேகத்துக்கு ஏற்ப ஒலிக்கும் கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பர்க் குமிழ் ஒன்றும், அதற்குள் இரண்டு கார்பன் பொட்டுகளும் இருக்கும். அழுத்தும்போது ஒரு பொட்டு முன்னதாகவும் மற்றது சற்றுப் பின்னதாகவும் சர்க்யூட் போர்டைத் தொடும். இரண்டுக்கும் இடையிலான நேரத்தை அளந்துதான் நீங்கள் மெதுவாகத் தொட்டீர்களா வேகமாகத் தொட்டீர்களா என்று கருவி முடிவு செய்கிறது. முதல் பொட்டில் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ படிந்தால் அது தாமதமாகப் பற்றும். இடைவெளி சுருங்கிவிடும். நீங்கள் பூப்போலத் தொட்டிருந்தாலும் குத்தியதாகக் கருவி எடுத்துக்கொள்ளும். இரண்டில் ஒன்று பற்றவே இல்லை என்றால் பெரும்பாலும் கட்டை ஊமையாகிவிடும்.

கணினியோடு இணைக்கும் வசதி இருந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ள 1983இல் வந்த மிடி முறையில் ஒவ்வொரு தொடுதலின் வேகமும் 1 முதல் 127 வரை ஓர் எண்ணாகப் போகும். அந்த எண்களைக் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. அக்கம்பக்கக் கட்டைகள் 40, 45 என்று காட்டும்போது ஒன்று மட்டும் 127க்குத் தாவினால் அதுதான் உங்கள் குற்றவாளி. நாளைக்கே நிகழ்ச்சி என்றால் தொடுவேக உணர்வை அணைத்துவிட்டு வாசியுங்கள். ஏற்ற இறக்கம் போய்விடும், ஆனால் அலறல் வராது. அன்று எனக்கு இது தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளை பாட்டை முடித்திருப்பாள்.

ஆனால் ஆறு, எட்டுக் கட்டைகள் பக்கம் பக்கமாகவோ, சீரான இடைவெளி விட்டோ ஒரே நேரத்தில் செத்துப்போனால் ரப்பரைத் தொடாதீர்கள். 61 கட்டைக்கும் தனித்தனிக் கம்பி கிடையாது. குறுக்கும் நெடுக்குமான சில இழைகளில்தான் எல்லாம் கோக்கப்பட்டிருக்கும். ஓர் இழை அறுந்தால் அதிலிருக்கும் கட்டைகள் எல்லாம் சேர்ந்து போகும். பட்டையான இணைப்புக் கேபிள் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கழற்றித் திரும்பச் செருகியதிலேயே சரியானதை நான் கண்டிருக்கிறேன்.

கருவியே திடீரென்று அணைந்து மறுபடி உயிர்பெற்றால், அடாப்டரைக் கழற்றிவிட்டு ஒரு நாள் பேட்டரியில் வாசியுங்கள். கோளாறு மறைந்தால் அடாப்டரோ, அதைச் செருகும் துளையின் பற்றவைப்போதான் காரணம். வேறு அடாப்டர் போடுவதாக இருந்தால் வோல்ட் அதே அளவு இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், முனையின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்பது கட்டாயம் பொருந்த வேண்டும். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களில்கூட இது மாறும். துளைக்குப் பக்கத்தில் சிறிய படமாக அச்சிட்டிருப்பார்கள். விளக்குகள் எல்லாம் எரிகின்றன, சத்தம் மட்டும் இல்லை என்றால் ஹெட்போன் துளையில் செருகியை நாலைந்து முறை போட்டு எடுங்கள். ஒலிபெருக்கியைத் துண்டிக்கும் தகடு உள்ளே சிக்கிக்கொள்வது உண்டு. அமைப்புகளில், கட்டைகளைக் கருவியின் சொந்த ஒலியோடு இணைக்கும் 'லோக்கல் கன்ட்ரோல்' என்பது அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது அணைந்திருந்தால் பழுதே இல்லாத கீபோர்டும் ஊமையாகவே இருக்கும்.

இப்போது திறப்பதற்கு வருகிறேன். தெரியாதவர்களைக் கருவியைத் திறக்கச் சொல்லலாமா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் சொல்வது அடாப்டரில் ஓடும், உத்தரவாதக் காலம் முடிந்த கருவியை மட்டும்தான். வீட்டு மின்சாரம் நேராக உள்ளே போகும் பெரிய கருவிகளைத் தொடாதீர்கள். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அவற்றின் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும். அடாப்டரையும் பேட்டரிகளையும் எடுத்துவிட்டுத்தான் ஸ்குரூவில் கை வைக்க வேண்டும். எல்லாம் மெக்கானிக்கின் வேலை என்பவர்களிடம் எனக்கு ஒரே பதில்தான்: இரண்டு நாள் பயணத்துக்கு அப்பால் இருப்பவர் எனக்கு மெக்கானிக் அல்லர்.

முதல் முறை திறந்தபோது ஸ்குரூக்களை ஒரே கிண்ணத்தில் போட்டுவிட்டேன். மூடும்போது நீளமான ஒன்றைக் குட்டைத் துளையில் முறுக்கியதில் மேல்மூடி விரிசல் விட்டது. அதன் பிறகு, கீபோர்டின் அடிப்பாகத்தை அட்டையில் வரைந்து, எந்த ஸ்குரூ எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வைக்கும் பழக்கத்துக்கு வந்தேன். ஒவ்வொரு படியிலும் போட்டோ எடுங்கள்.

அந்தக் குமிழ்கள் வரிசையாக அமைந்த ரப்பர்ப் பட்டைகளைக் காம்பைப் பிடித்து மெதுவாக உருவி எடுக்க வேண்டும். போர்டின் கறுப்புத் தடங்களையும் கார்பன் பொட்டுகளையும் நூல் உதிராத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஒற்றித் துடைத்தால் போதும். தேய்க்கவோ சுரண்டவோ கூடாது, கார்பனே உரிந்துவிடும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டவே வேண்டாம். பென்சில் கரியைப் பூசச் சொல்வார்கள். பூசிப் பார்த்தேன், மூன்று வாரம் தாங்கியது, பிறகு பொடி உதிர்ந்து பக்கத்துக் கட்டையையும் கெடுத்தது. நன்றாகக் காய்ந்த பிறகு பட்டையைத் திரும்பப் பொருத்துங்கள். காம்புகள் துளைக்குள் முழுதாக இறங்காவிட்டால் கட்டை தூக்கி நிற்கும்.

துடைத்த பிறகு நான்கு மாதம் 29 ஒழுங்காக இருந்தது, பிறகு மறுபடி ஆரம்பித்தது. அந்தப் பொட்டே தேய்ந்துபோயிருந்தது. புதுப் பட்டை கிடைக்கும் வழி இல்லை. அப்போதுதான் கவனித்தேன்: என் கீபோர்டில் பட்டைகள் பன்னிரண்டு கட்டைக்கு ஒன்றாக, ஒரே அச்சில் வார்த்தவை. அடிமட்டத்துப் பட்டையை நடுவில் போட்டு, நடுவிலிருந்ததை அடிமட்டத்துக்கு மாற்றினேன். 29இன் பொட்டு 5க்குப் போயிற்று. பிள்ளைகளின் பாட்டில் அந்த ஆழத்துக்கு நான் போவதே அபூர்வம். அதன்பின் ஐந்து ஆண்டுகள் அந்த ஏற்பாட்டிலேயே ஓடியது. மேல்கோடிப் பட்டை மட்டும் பதின்மூன்று கட்டைக்கானது, அது வேறெங்கும் பொருந்தவில்லை.

எதுவுமே முடியாத நிலையில் செத்த கட்டையைச் சுற்றிக்கொண்டு போகலாம். 'எஃப்' ஊமையாகிவிட்டதா? அந்தக் கட்டை வராத டி மேஜரில் கைகளைப் பழக்கிக்கொண்டு, சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸில் இரண்டு படி இறக்குங்கள். கேட்பவர் காதில் சி மேஜராகத்தான் விழும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதே பள்ளியில் ஆண்டு விழா நடக்கும் ஒவ்வொரு முறையும் நன்றியுரையில் ஒலிபெருக்கி வைத்தவர் பெயர் வரும், நாற்காலி தந்தவர் பெயர் வரும். துணைக்கு வாசித்தவரை ஒன்பது ஆண்டில் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. கருவி அலறிய அந்த ஒரு நாள் மட்டும் எல்லாருக்கும் என் பெயர் நினைவிருந்தது. எங்கோ தனியாக வாசித்துக்கொண்டிருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கும் இது நடக்கும் என்பதால் எழுதுகிறேன்.

எந்தெந்தக் கட்டைகள் என்று உங்கள் கேள்வியில் இல்லை. இடமிருந்து எண்ணி எழுதுங்கள். ஊமையானவை தனி, அலறுபவை தனி. அடாப்டரிலும் பேட்டரியிலும் ஒரே மாதிரி நடக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதினால், திறக்க வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிறேன்.