மொட்டுக்குள்ளேயே மகரந்தம்: வாசகர் கேள்வி – பதில்

செம்பருத்தியைத் தொட்டால் விரலில் மஞ்சள் தூள் ஒட்டுகிறது. இந்த மகரந்தம் பூ விரிந்த பிறகுதான் உண்டாகிறதா? வீட்டில் நிற்கும் அடுக்குச் செம்பருத்தியில் அவ்வளவாகத் தூள் இல்லையே, ஏன்?
– வாசகி, தோவாளை

பூ விரியும்போது வேலை முடிந்திருக்கும். மகரந்தம் உருவாவது மொட்டு மூடியிருக்கும்போதுதான். நாளைக்கு விரியப்போகும் மொட்டு ஒன்றைப் பறித்து, பிளேடால் நெடுக்காகக் கீறிப் பாருங்கள். நடுவில் இருக்கும் குழல், மகரந்தக்கம்பிகள் ஒன்றாய் ஒட்டி உண்டானது. அதன் மேல்பகுதியில் சிறு காம்புகளில் அவரை விதை வடிவில் நிற்பவை மகரந்தப்பைகள். குழலுக்குள் ஓடும் சூலகத்தண்டு உச்சியில் 5 குமிழ்களாக நீட்டியிருக்கும். அது பெண் பாகம்.

பைக்குள் இருக்கும் மகரந்தத் தாய்ச்செல் ஒவ்வொன்றும் குன்றல் பகுப்பால் 4 ஆகும். குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும். நாலும் கொஞ்ச காலம் ஒட்டியிருந்து, பிறகு தனித்தனித் துகளாகப் பிரியும். பையின் உள்ளோரத்தில் உள்ள டபீட்டம் என்ற அடுக்குதான் இவற்றுக்குத் தீனி. வெளியுறைக்கான ஸ்போரோபொலெனின் என்ற கெட்டிப் பொருளையும் கொடுத்துவிட்டு அதுவே கரைந்துபோகும். ஸ்போரோபொலெனின் லேசில் மட்காது. ஏரிச் சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழைய மகரந்தம் அகப்படுவது அதனால்தான். செம்பருத்தித் துகள் பெரியது, கைலென்ஸிலேயே மணி மணியாகத் தெரியும். உறையெல்லாம் முள், மேலே எண்ணெய்ப் பசை. விரலில் ஒட்டாமல் என்ன செய்யும்?

முற்றிய துகளுக்குள் 2 செல்: ஒன்று மகரந்தக்குழாயை வளர்க்கும், மற்றது 2 ஆண் செல்களாகப் பிரியும். கடைசியில் பையின் சுவர் காய்ந்து சுருங்கி வெடிக்கும். மழை மூடிய காலையில் இந்த வெடிப்பு தாமதமாகும்.

அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத்தாள் (கம்பியும் பையும் சேர்ந்தது) பலவும் இதழாக மாறிவிட்டன. பை குறைந்தால் தூளும் குறைவு.

ஏத்தன் (நேந்திரன்) வாழைப்பூவில் தேனீ மொய்க்கிறது. ஆனாலும் காயில் விதை இல்லையே?
– வாசகர், திருவட்டாறு

தேனீ வருவது தேனுக்கு. ஏத்தனில் 11 குரோமோசோம் கொண்ட தொகுதி 3, ஆக 33. மேலே சொன்ன குன்றல் பகுப்பில் மூன்றை இரண்டாகப் பங்குவைக்க வழியில்லை. அதனால் மகரந்தம் பெரும்பாலும் சொத்தை. விதையாக வேண்டிய சூலிலும் அதே கோளாறு. மகரந்தம் சேராமலே காய் திரளும் குணம் இருப்பதால்தான் குலை கிடைக்கிறது.

மழைக்காலத்தில் மஞ்சள் பூசணிக் கொடியில் பூ நிறைய வருகிறது, பிஞ்சோ மஞ்சளித்து உதிர்கிறது. உரம் வைக்கலாமா?
– வாசகர், குலசேகரம்

உரம் இருக்கட்டும், முதலில் பூவைப் பாருங்கள். அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண் பூ, வெறும் காம்பு என்றால் ஆண். கொடியில் ஆண் பூ முந்தி வரும், அது இயல்பு. பூ விடியலில் விரிந்து முற்பகலிலேயே வாடிவிடும். நம் குமரி மாவட்டத்துக்கு ஜூனிலும் அக்டோபரிலும் மழை. அந்தக் காலை மழையில் தேனீ வராது, தண்ணீர் பட்ட துகளும் ஊறி வெடித்துவிடும்.

மறுநாள் விரியும் ஆண், பெண் மொட்டுகளின் நுனியை முந்தின மாலையே நூலால் கட்டுங்கள். காலை 6 முதல் 8 மணிக்குள் ஆண் பூவைப் பறித்து இதழை உரித்தால் மகரந்தக் கம்பம் மிஞ்சும். பெண் பூவைப் பிரித்து, நடுவில் மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடியின் எல்லா மடல்களிலும் மெதுவாகத் தடவுங்கள். ஒரு மடல் விட்டுப்போனால் காய் கோணும். ஒரு ஆண் பூ 2 பெண் பூவுக்குப் போதும். உடனே பெண் பூவை மறுபடி கட்டிவிட வேண்டும், மழைநீர் இறங்கக் கூடாது.

ஒரு வாரத்தில் பிஞ்சு பருக்க வேண்டும். பருத்தபின் அழுகினால் மேல்தோலில் ஊசிக்குத்துப் போன்ற துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பழ ஈ. விழுந்த பிஞ்சைக் கொடியடியில் விடாமல் பொறுக்கி, ஆழமாகப் புதையுங்கள்.