‘இண்டு’ போன்ற பழைய பெயரை மறுபடி பிலிம் பெட்டியில் போடலாமா?

கேள்வி: ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இண்டு’ காலத்தைச் சேர்ந்த பழைய பிராண்ட் ஒன்றின் உரிமையை வாங்க வாய்ப்பு வந்திருக்கிறது. இளைஞர்கள் மறுபடி பிலிம் கேமரா வாங்குகிறார்கள். சிறிய முதலீட்டில் எதைச் செய்து விற்கலாம்?

பதில்: 35 மி.மீ. கறுப்பு வெள்ளை பிலிம். கேமராவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கேமராவை ஒருவர் ஒருமுறைதான் வாங்குவார், பிலிமுக்கு மாதாமாதம் வருவார். 2024-ல் பென்டாக்ஸ் 17 என்ற புதிய பிலிம் கேமரா வந்ததே என்று கேட்கலாம். அதன் பின்னால் ரிக்கோ என்ற பெரிய நிறுவனமும் அதன் கேமராப் பொறியாளர்களும் இருந்தார்கள். யாரோ செய்த மலிவான பிளாஸ்டிக் கேமராவில் பழைய லோகோவை ஒட்டினால் ஒரு சீசன் ஓடும், அதற்குள் பெயரும் கெட்டுவிடும்.

ஒளியுணர் கலவையைப் பூசி பிலிமை நீங்களே தயாரிக்கவும் முயலாதீர்கள். 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், பிரான்சின் பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு உற்பத்திக்கு வரவே 1967 ஆயிற்று. அதுவும் அரசுப் பணத்தில். 2008-ல் போலராய்டு கைவிட்ட, உடனடிப் பட பிலிம் செய்த நெதர்லாந்து என்ஸ்கெடே ஆலையை எடுத்து நடத்தியவர்களுக்கு இயந்திரம் இருந்தது, மூலப்பொருள் கிடைக்கவில்லை. வேதியியலையே புதிதாக எழுத வேண்டியிருந்தது. கேமராவிலிருந்து வெளிவந்த நொடியே வெளிச்சம் படாமல் மறைக்க வேண்டிய நிலையில்தான் அவர்களின் ஆரம்பகாலப் படங்கள் இருந்தன. இத்தாலியின் ஃபெரானியா 2014-ல் கலர் ஸ்லைடு பிலிம் தருவதாகச் சொல்லி மக்களிடம் பணம் திரட்டியது. 2017-ல் கைக்கு வந்தது பி30 என்ற கறுப்பு வெள்ளை பிலிம். இதற்கு நேர்மாறு இங்கிலாந்தின் இல்ஃபோர்டு. 2005-ல் ஆறு மேலாளர்கள் சேர்ந்து ஹார்மன் என்ற பெயரில் அந்த ஆலையை வாங்கி, கறுப்பு வெள்ளையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். தங்கள் முதல் கலர் பிலிமான ஃபீனிக்ஸ் 200-ஐ 2023 டிசம்பரில்தான் வெளியிட்டார்கள்.

ஆகவே, பூசித் துளையிட்ட பிலிமை 30.5 மீட்டர், அதாவது நூறு அடி டப்பாக்களாக வாங்கிக் கேசட்டில் சுற்றி விற்பதே உங்களுக்குச் சரி. கணக்கு எளிது. ஒரு பிரேமுக்கு எட்டுத் துளை, 38 மி.மீ. முப்பத்தாறு பிரேமுக்கு 1.37 மீட்டர். முனையும் வாலும் சேர்த்து 1.65 மீட்டர் வெட்டினால் டப்பாவுக்கு 18 ரோல். 500 ரோல் சோதனை ஓட்டத்துக்கு 28 டப்பா போதும். அது விற்றுத் தீர்ந்தபின், உங்கள் பெயரிலேயே பெட்டியிட்டுத் தரும்படி உற்பத்தியாளரிடம் பேரம் பேசலாம். மலிவாகக் கிடைக்கிறதென்று சினிமா கலர் நெகட்டிவைச் சுற்றாதீர்கள். பின்பக்கம் கார்பன் பூச்சு உள்ள சுருள் சாதாரண லேபில் கலர் நெகட்டிவ் கழுவும் சி-41 இயந்திரத்துக்குள் போனால் கரைசல் முழுவதும் பாழ். அந்த லேப்காரர் உங்கள் பிராண்டை மறுபடி தொடமாட்டார்.

சுற்றும் இடத்தில்தான் பெரும்பாலான புகார்கள் பிறக்கின்றன. பழைய கேசட்டை மறுபடி பயன்படுத்தினால் வாயிலுள்ள வெல்வெட்டில் ஒட்டிய தூசி, சுருள் நெடுக ஒரே நேர்கோட்டில் கீறும். எப்போதும் புதுக் கேசட்டே வாங்குங்கள். ஏ.சி. அறையின் வறண்ட காற்றில் வேகமாகச் சுற்றினால் நிலைமின்சாரம் பொறி விட்டு, நெகட்டிவில் மின்னல் கிளைபோல் கோடு விழும். ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டி வைத்து, நிதானமாகச் சுற்ற வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறந்தால் பிலிமில் நீர் கோக்கும். அறை வெப்பத்துக்கு வர இரண்டு மணி நேரம் விடுங்கள். டப்பாவுக்கு ஒரு ரோலை நீங்களே எடுத்துக் கழுவிப் பார்த்து, அந்த டப்பாவின் எண்ணைப் பெட்டியில் அச்சிடுங்கள். புகார் வந்தால் அந்த டப்பாவின் மீதி 17 ரோலைத் திரும்பப் பெற்றால் போதும், ஐந்நூறையும் அல்ல.

பிலிமின் வேகத்தை (ஐஎஸ்ஓ) கேமராவுக்குச் சொல்லும் டிஎக்ஸ் குறி கேசட்டில் கட்டாயம். குறி இல்லாவிட்டால் பல தானியங்கி கேமராக்கள் ஐஎஸ்ஓ 100 என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் பிலிம் 400 என்றால் இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம் பாயும். உள்ளே இருப்பது யார் செய்த பிலிம் என்பதையும் மறைக்க வேண்டாம். ரோலை (Rollei) என்ற பிராண்ட் ‘ரெட்ரோ 80எஸ்’ என்று விற்பது பெல்ஜியத்து அக்ஃபா-கெவர்ட்டின் வான்வழிப் படப்பிடிப்பு பிலிம்தான். வாங்குகிறவர்களுக்கு அது தெரியும், தெரிந்தேதான் வாங்குகிறார்கள். ‘முழுக்க எங்கள் தயாரிப்பு’ என்று அச்சிட்டு மாட்டிக்கொண்டால்தான் மானம் போகும்.

உள்ளூர் பிராண்டுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. வெளிநாட்டுப் பெட்டிகளில் கழுவும் நேரத்தைப் பெரும்பாலும் 20 டிகிரிக்குத்தான் சொல்வார்கள். சென்னைக் குழாய்த் தண்ணீரோ 30-ஐத் தொடும். ஒரு டிகிரி ஏறினால் நேரம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். டி-76 என்ற டெவலப்பரும் தண்ணீரும் ஒன்றுக்கு ஒன்று சேர்ந்த கலவையில் 20 டிகிரிக்கு 11 நிமிடம் ஆகும் பிலிம், 24-ல் ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல், 27-ல் ஐந்தேகால். ஐந்துக்குக் கீழே போனால் படம் திட்டுத் திட்டாக வரும் அபாயம் உண்டு. அதனால் 24, 27, 30 டிகிரிகளில், நேரம் நீளும்படி தண்ணீர் கூடிய ஒன்றுக்கு மூன்று கலவையில் நீங்களே சோதித்து, அந்த அட்டவணையைப் பெட்டியின் உட்புறம் அச்சிடுங்கள். விளம்பரத்துக்குச் செலவழிப்பதைவிட இது உதவும்.

கழுவி, ஸ்கேன் செய்து அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்து, தபால் கட்டணம் முன்பே கட்டிய உறையோடு ஒரு வகை விற்கலாம். 1888-ல் முதல் கோடாக் கேமரா நூறு படத்துக்கான பிலிமோடு வந்ததும், முடிந்ததும் கேமராவையே ஆலைக்கு அனுப்பியதும் இதே வியாபாரம்தான்.

பெயருக்குப் பணம் கொடுக்கும் முன் வணிகக் குறிப் பதிவைத் தேடுங்கள். வகுப்பு 1 படம் பிடிக்காத பிலிமுக்கு, 9 கேமராவுக்கு, 40 கழுவும் சேவைக்கு. மூன்றிலும் பதிவு இருக்கிறதா, பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தார்களா என்று பாருங்கள். ஐந்து ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாத குறியை நீக்கக் கோரி, அதனால் பாதிக்கப்பட்டவர் மனுச் செய்யலாம். மூடிய நிறுவனத்தின் பெயர் என்றால் அதிகாரபூர்வக் கலைப்பாளரின் கையெழுத்து இல்லாத ஒப்பந்தத்தில் முன்பணம் கொடுக்காதீர்கள்.