வேஸ்ட்கேட் முழுசாகத் திறந்தும் பூஸ்ட் ஏறினால்? – கேள்வி பதில்

சைலன்சர் மாற்றிய டர்போ கார்களில் பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம், கட்டுக்குள் நிற்கவில்லை என்ற புலம்பல்தான் இந்த முறை அதிகம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கிள்ளான், மலேசியா: அண்ணே, சுபாரு இம்பிரெசா டபிள்யூஆர்எக்ஸ், டிடி04 டர்போ. மூன்று அங்குல டவுன்பைப் (டர்போவை ஒட்டிய புகைக் குழாய்), பின்னால் வரைக்கும் அதே அளவு பைப் போட்டேன். பூஸ்டை 14 பிஎஸ்ஐக்கு (அழுத்த அளவு) செட் செய்தது 4,500 ஆர்பிஎம் வரை அங்கேயே நிற்கிறது. அப்புறம் மெல்ல ஏறி 6,500இல் 18 தொடுகிறது. பூஸ்ட் கன்ட்ரோலர் போச்சா?

கன்ட்ரோலர் பாவம், அதைத் திட்டாதீர்கள் தம்பி. ஏரிக்குக் கலிங்கு எப்படியோ, டர்போவுக்கு வேஸ்ட்கேட் அப்படி. இன்ஜின் புகைதான் டர்போவின் டர்பைன் சக்கரத்தைச் சுற்றுகிறது. டர்பைனுக்குத் தேவைப்படாத புகை வேஸ்ட்கேட் ஓட்டை வழியாக வெளியேறும். கம்பெனி சைலன்சரும் புகையைச் சுத்தப்படுத்தும் கன்வர்ட்டரும் டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தன. அந்தக் கணக்குக்கு ஏற்ற சின்ன ஓட்டையைத்தான் கம்பெனி வைத்தது. நீங்கள் பின்னால் இருந்த அடைப்பை எடுத்துவிட்டீர்கள். இப்போது அதே புகை டர்பைனை இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. ஆர்பிஎம் ஏற ஏற வரத்து கூடுகிறது, கலிங்கு மட்டும் பழைய அகலம்.

உறுதி செய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு, டர்போவில் காற்றை அமுக்கும் கம்ப்ரசரிலிருந்து ஹோஸை நேராக, வேஸ்ட்கேட் மூடியைத் தள்ளித் திறக்கும் ஆக்சுவேட்டருக்குக் கொடுங்கள். டைனோவிலோ (காரை நிறுத்தி வைத்துச் சக்தியை அளக்கும் உருளை மேடை) டிராக்கிலோ மூன்றாம், நான்காம் கியரில் முழு ஆக்சிலரேட்டர். ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கின் அளவில் நிற்காமல் ஆர்பிஎம்மோடு பூஸ்ட் ஏறிக்கொண்டே போனால் அது கிரீப். 3,000இல் ஒரு குதி குதித்து ஒரு நொடியில் இறங்கினால் அது ஸ்பைக். அந்த வியாதிக்கு கன்ட்ரோலர் செட்டிங்கைப் பார்க்கலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு செலவு செய்தவர்கள் ஏராளம்.

கோவை: சார், நல்ல எலக்ட்ரானிக் பூஸ்ட் கன்ட்ரோலர் வாங்கினால் அடங்குமா? அல்லது மெலிந்த ஸ்பிரிங் போடலாமா?

அடங்காது. கன்ட்ரோலர் செய்யும் வேலையே, ஆக்சுவேட்டருக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டி வேஸ்ட்கேட் திறப்பதைத் தள்ளிப்போடுவதுதான். பூஸ்டை ஏற்ற அது உதவும். ஏற்கெனவே விரியத் திறந்திருக்கும் கதவை இன்னும் திறக்க அதனால் முடியாது. மெலிந்த ஸ்பிரிங் போட்டால் பூஸ்ட் கொஞ்சம் கீழே தொடங்கும், உச்சியில் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துவிடும்.

நானும் இதில் காசு விட்டவன்தான். கன்ட்ரோலர் மாற்றி, ஹோஸ் மாற்றி, கடைசியில் டவுன்பைப்பைக் கழற்றினேன். பைப்பின் வாயில் டர்பைன் புகையையும் வேஸ்ட்கேட் புகையையும் பிரிக்கும் நடுச்சுவர் முழுக்கக் கரி. அதில் ஓர் இடத்தில் மட்டும் பிறை மாதிரி பளபளவென்று ஒரு தேய்மானம். வேஸ்ட்கேட் மூடி திறக்கும்போது போய் இடித்த இடம் அது. பாதிக்கு மேல் திறக்கவே வழியில்லை. அரத்தை வைத்து ராவியதிலேயே பாதி நோய் தீர்ந்தது. அதனால் முதலில் டவுன்பைப்பைக் கழற்றுங்கள், ஆக்சுவேட்டர் கம்பியைப் பிரித்து மூடியைக் கையால் திறந்து பாருங்கள். கேஸ்கட் துருத்திக்கொண்டு ஓட்டையை மறைப்பதும் நடக்கும்.

சேலம்: ஓட்டையைப் பெரிதாக்குவது, அதாவது போர்ட்டிங், லேத் பட்டறையில் செய்யக்கூடிய வேலையா?

லேத்தே வேண்டாம். டை கிரைண்டரும் கார்பைடு பர்ரும் (குடையும் முனை) பொறுமையும் போதும். ஆனால் டர்போவைக் கழற்றி, டர்பைன் ஹவுசிங்கைத் தனியாகப் பிரித்துத்தான் செய்ய வேண்டும். காரிலேயே வைத்துக் குடைந்தால் இரும்புத் துகள் டர்பைன் வீலைத் தின்றுவிடும்.

மூடி உட்காரும் இடத்தில் நீல மார்க்கர் பூசி, மூடியை மூடி அழுத்தித் திருப்பினால் அது எதுவரை படிகிறது என்று வட்டம் விழும். அந்த வட்டத்துக்கு உள்ளே சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது விட்டுவிட்டுக் குடையுங்கள். அந்த விளிம்புதான் சீல். அதை விடப் பலன் தருவது உள்பக்க வேலை. புகை வந்து திரும்பும் கூர்மையான முனையைச் சாய்வாக வழித்துவிட்டால் புகை முட்டாமல் ஓட்டைக்குள் திரும்பும். ஓட்டைக்கும் டர்பைன் வாய்க்கும் நடுவில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய ஹவுசிங்கில் அது சகஜம், குடைந்தால் பெரிதாகும்.

அதே ஊர், இன்னொருவர்: நான் குடைந்துவிட்டேன் சார். கிரீப் போச்சு, ஆனால் டர்போ சோம்பேறி ஆகிவிட்டது.

மூடி சரியாக உட்காராமல் இருக்கலாம். மூடிவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், வெளிச்சம் கசிந்தால் புகையும் கசியும். கசிவு இல்லையென்றால் ஆக்சுவேட்டர் கம்பி தளர்வாக இருக்கும். மூடிய நிலையில் கம்பி லேசாக இழுத்துப் பிடித்திருக்க வேண்டும், இரண்டொரு சுற்று சுற்றினாலே தெரியும்.

டொராண்டோ: அண்ணை, ஜப்பானில இருந்து இறக்கின மஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்டி. டவுன்பைப் மாற்றி, மெயின் கன்வர்ட்டருக்குப் பதிலா வெறும் பைப் போட்டிருக்கு. யூலையில 12 பிஎஸ்ஐயில நின்ற கார், குளிர் தொடங்கினவுடன 15ஐத் தாண்டி ஃபியூல் கட் (பூஸ்ட் மிஞ்சினால் பெட்ரோலை நிறுத்துற பாதுகாப்பு) அடிக்குது. கராஜ்காரர் கட் வராமல் செய்யிற டிஃபெண்டர் பூட்டச் சொல்லுறார்.

வேண்டவே வேண்டாம் தம்பி. 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்கு வந்தால் காற்றின் அடர்த்தி சுமார் 11 சதவீதம் கூடும். காற்று கூடினால் புகையும் கூடும், கிரீப்பும் கூடும். எஃப்டி கம்பெனியிலிருந்து வரும்போது சுமார் 10 பிஎஸ்ஐ, இரண்டாவது டர்போ சேரும் 4,500 ஆர்பிஎம் பக்கத்தில் 8க்கு இறங்கி மறுபடி 10. அந்தக் கணக்குக்கு வைத்த இன்ஜெக்டரும் மேப்பும் (கம்ப்யூட்டரின் பெட்ரோல் கணக்கு) உங்களிடம் இன்னும் இருந்தால் 15இல் பெட்ரோல் பற்றாது, நாக்கிங் வரும், அதாவது பெட்ரோல் கண்டபடி வெடிக்கும். ரோட்டரி இன்ஜினில் ஒரு நாக்கிங் போதும், ரோட்டரின் முனையில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் உடைய. ஃபியூல் கட் உங்கள் இன்ஜினைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, அதைப் போய் ஊமையாக்கச் சொல்கிறார்களே!

மெயின் கன்வர்ட்டரைத் திரும்ப மாட்டுங்கள். எஃப்டியில் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். வெறும் பைப்தான் வேண்டுமென்றால் டர்போவை இறக்கி வேஸ்ட்கேட்டைப் போர்ட் செய்தாக வேண்டும். அதுவரை ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்காதீர்கள்.

ஜோகூர் பாரு: டர்போவுக்கு வெளியே தனியாக மாட்டும் எக்ஸ்டர்னல் வேஸ்ட்கேட் 38 மில்லிமீட்டர் போட்டும் பூஸ்ட் ஏறுகிறது. பூஸ்டும் குறைவாகத்தான் வைத்திருக்கிறேன், 8 பிஎஸ்ஐ.

குறைவாக வைத்திருப்பதுதான் காரணம். பூஸ்ட் குறைய வேண்டுமென்றால் அதிகப் புகையை வெளியே விட வேண்டும், அதற்குப் பெரிய கேட் வேண்டும். 44 மில்லிமீட்டருக்குப் போகும் முன் அது மேனிஃபோல்டில் (இன்ஜினிலிருந்து டர்போவுக்குப் புகை கொண்டுவரும் குழாய்த் தொகுதி) எங்கே பற்றவைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நான்கு குழாயும் சேருமிடத்தில், புகை போகும் திசையில் சாய்ந்து இருக்க வேண்டும். ஒற்றைக் குழாயின் பக்கவாட்டில் செங்குத்தாக நின்றால் 44 போட்டாலும் இதே கதைதான்.

சென்னை: என் டீசல் காரிலும் ஓவர்பூஸ்ட் என்று லிம்ப் மோடுக்கு (சக்தியைக் குறைத்துக்கொள்ளும் பாதுகாப்பு நிலை) போகிறது. இதுவும் கிரீப்பா?

உங்களுடையது வேரியபிள் ஜியோமெட்ரி டர்போவாக இருந்தால், அதில் பெரும்பாலும் வேஸ்ட்கேட்டே கிடையாது. கரி பிடித்து, உள்ளே புகையின் வழியைச் சுருக்கி விரிக்கும் சின்ன இறக்கைகள் சிக்கியிருக்கும். இறக்கைகளைச் சுத்தம் செய்யும் முன் ஆக்சுவேட்டர் கம்பி தடையில்லாமல் நகர்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அது மலிவு.

கோவையிலிருந்து மறுபடியும்: டர்போவைக் கழற்றாமல் இன்றைக்கே ஏதாவது செய்ய முடியுமா சார்?

முடியும். கம்பெனி கன்வர்ட்டரை மாட்டுங்கள், அல்லது மூன்று அங்குலத்துக்குப் பதில் இரண்டரை போடுங்கள். கொஞ்சம் குதிரைத்திறன் போனால் போகட்டும். கன்வர்ட்டர் இல்லாமல் நம் ஊர் ரோட்டில் ஓடுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி எப்படியும் தப்பு. கழற்றியதை எடைக்குப் போட்டுவிட்டேன் என்று மட்டும் அடுத்த கேள்வியில் எழுதிவிடாதீர்கள்.