வாசகர் கேள்வி பதில்: குடிமையியல் வகுப்பும் நம் ஊரும்

கேள்வி: காங்கேயம் வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் 9, 10ஆம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். அடிப்படைக் கடமைகள் 11-ஐயும் பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளைகள், அவற்றுக்கும் தங்கள் ஊருக்கும் தொடர்பு இருப்பதாக நினைப்பதே இல்லை. உள்ளூர்ப் பிரச்சினைகளை எடுத்துப் பேசினால், ‘பள்ளிக்கூடத்தில் அரசியல் எதற்கு?’ என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். எப்படி நடத்துவது?
– ஓர் ஆசிரியை

பதில்: பெற்றோரின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆசிரியர் எந்தக் கட்சியின் பக்கம் என்பது மாணவர்களுக்குத் தெரியவே கூடாது என்பதில் எனக்கும் உறுதி உண்டு. ஆனால், ஒரு பொதுக் காரியத்தில் ஊர் இரண்டுபடும்போது அது எந்தெந்த வாசல்களைத் தட்டித் தீர்வு தேடுகிறது என்பதையும் சேர்த்து ஒதுக்கிவிட்டால், அந்தப் பாடத்தில் எண்களும் பெயர்களும் மட்டுமே மிஞ்சும்.

உங்கள் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறக்கப்பட்ட அந்த அணை, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் தேங்கும் இடமாகிப் போனதையும், கீழ்ப்பகுதியில் கிணறும் நிலமும் உப்பேறிப் பாழானதையும் பிள்ளைகளின் தாத்தா, பாட்டிகள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகத் திரண்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சாய ஆலை உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்ய, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2009-ல் தீர்ப்பானது. கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றக் கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடி மின் இணைப்பைத் துண்டிக்குமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் வேலை இழந்த தொழிலாளர் குடும்பங்களும் உங்கள் வட்டாரத்தில் இருக்கக்கூடும்.

இந்த ஒரு வழக்கை மூன்று நான்கு வகுப்புகளுக்கு நிதானமாக நடத்திப் பாருங்கள். சங்கம் அமைக்கும் உரிமை, உயர் நீதிமன்றத்தின் அதிகாரம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு, மாநில அரசின் கடமை ஆகிய எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடுகின்றன. ஆறுகளைப் பாதுகாப்பது, பிள்ளைகள் ஒப்பிக்கும் பட்டியலில் 7ஆவது கடமை. விவசாயக் குடும்பத்துப் பிள்ளையைச் சாயப்பட்டறைத் தொழிலாளியின் தரப்பிலும், தொழிலாளியின் பிள்ளையை விவசாயியின் தரப்பிலும் பேசச் சொல்லுங்கள். தன் வீட்டில் கேட்டதற்கு மாறான நியாயத்தை எடுத்துச் சொல்லப் பழகுவதைத்தான் இந்த வயதில் குடிமையியல் தரக்கூடிய முதன்மையான பயிற்சியாக நான் கருதுகிறேன். ஒரு தரப்பைச் சரியென்று அறிவித்து வகுப்பை முடிக்காமல், தீர்ப்பில் உள்ள காரணங்களைப் படித்துக் காட்டுவது போதும்.

அடுத்த கட்டமாக, மாணவர்கள் தங்கள் ஊராட்சியில் ஒரே ஒரு சிறு காரியத்தை எடுத்துக்கொள்ளட்டும். எரியாத தெருவிளக்காகவும் இருக்கலாம், பள்ளிக்கு வரும் குடிநீர்க் குழாயாகவும் இருக்கலாம். அது யாருடைய பொறுப்பு என்று கண்டறிந்து, மனு எழுதி, ஒப்புகைச் சீட்டு பெற்று, பதில் வரும்வரை விடாமல் தொடர வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எல்லாக் குடிமக்களுக்கும் பொது; அதில் வயது வரம்பு சொல்லப்படவில்லை. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கான கெடு 30 நாட்கள். ஆயினும் மாணவர் பெயரில் அனுப்புவதைவிடப் பெற்றோர் ஒருவர் கையொப்பமிடுவதே பாதுகாப்பு. அரசியல் எதற்கு என்று கேட்டவர்களும் அப்போது பாடத்தில் பங்கேற்பார்கள்.

கேள்வி: எங்கள் வகுப்பில் ஒடிசா, பீகார் மாநிலங்களைச் சேர்ந்த பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ‘இவங்க நம்ம ஊர்க்காரங்க இல்லையே’ என்று மற்ற மாணவர்கள் சொல்கிறார்கள். இதைக் குடிமையியல் வகுப்பில் எடுத்துப் பேசலாமா?
– ஓர் ஆசிரியர், திருப்பூர்

பதில்: கட்டாயம் பேச வேண்டும். இந்தியாவில் மாநிலத்துக்கென்று தனிக் குடியுரிமை கிடையாது. நாட்டின் எந்தப் பகுதியிலும் வசிக்கவும் குடியமரவும் உள்ள உரிமையை அரசியலமைப்பின் 19ஆவது உறுப்பு எல்லாக் குடிமக்களுக்கும் தருகிறது. அந்த உறுப்பைப் பலகையில் எழுதிவிட்டு, வேறு மாநிலங்களுக்கோ வெளிநாடுகளுக்கோ பிழைக்கப் போன சொந்தக்காரர்கள் யார் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நம் பகுதியில் அநேகமாக எல்லாக் கைகளும் உயரும். ஆனால் புதிதாக வந்த பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி அவர்களுடைய கதையைக் கேட்காதீர்கள். அது அவர்களைக் காட்சிப்பொருளாக்கிவிடும். தீண்டாமையை ஒழித்த 17ஆவது உறுப்பை நடத்தும்போதும் இதே கவனம் தேவை: எந்த மாணவரின் சாதியையும் உதாரணமாக்காமல், ஊரின் வழக்கங்களைச் சட்டத்தோடு வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கேள்வி: 12ஆம் வகுப்பு படிக்கும் என் மகன் கிராம சபைக்கு வர ஆசைப்படுகிறான். அனுமதிப்பார்களா?
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களே கிராம சபையின் உறுப்பினர்கள், தீர்மானத்தில் உங்கள் மகனுக்குக் குரல் இல்லை. உடன் அமர்ந்து கவனிக்க விரும்புவதை ஊராட்சித் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது குறிப்பெடுத்து வரச் சொல்லுங்கள். 17 வயது நிறைந்திருந்தால் வாக்காளர் பட்டியலில் சேர்வதற்கு இப்போதே படிவம் 6-ஐ முன்கூட்டிக் கொடுத்துவைக்கலாம். 18 வயது நிறைந்த பின், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகளில் எது அடுத்து வருகிறதோ, அதைத் தகுதி நாளாகக் கொண்டு பெயர் சேர்க்கப்படும்.