லெவின் சூடாகுது: ஹெட்டைக் கழட்ட முன்னம் ஃபேனைப் பாருங்கோ

கொழும்பில் காலி வீதி நெரிசலில் நிற்கும்போது உங்கள் 1992 டொயோட்டா லெவின் காரின் டெம்பரேச்சர் முள் ஏறுது, மரைன் டிரைவில் ஓடத் தொடங்கினால் இறங்குது என்று எழுதியிருக்கிறீங்கள். கராஜ்காரர் ஹெட் காஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு) போயிட்டுது என்று சொன்னதை இப்போதைக்கு நம்பாதேங்கோ. ஓடும்போது காற்றே ரேடியேற்றரைக் குளிர்த்திவிடும். நிற்கும்போது அது ஃபேனின் வேலை. சந்தேகம் அங்கேதான்.

அந்தக் கால டொயோட்டாக்கள் பலதில் ஃபேன் சுவிட்ச் தலைகீழாக வேலை செய்யும். குளிரில் சுவிட்சின் மின்சுற்று மூடியிருக்கும். ஏறக்குறைய 93 பாகையில் திறந்தால்தான் ஃபேன் சுத்தும். ஆகவே எஞ்சின் ஆறின பிறகு, ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஓனில் வைத்து, தேர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேற்றருக்குத் தண்ணியைத் திறந்துவிடும் வால்வு) பக்கத்தில் இருக்கிற அந்த சுவிட்சின் வயரைக் கழட்டுங்கோ. ஃபேன் சட்டென்று சுத்தும், கை கவனம். சுத்தினால் மோட்டார், ரிலே, ஃபியூஸ் எல்லாம் சரி. அப்படியிருந்தும் எஞ்சின் சூடேறும்போது ஃபேன் சுத்தாமல் நின்றால் சுவிட்சில்தான் சந்தேகம்.

சுத்தாவிட்டால் பற்றரியிலிருந்து மோட்டாருக்கு நேரே 12 வோல்ட் கொடுங்கோ. அதன் முதுகில் ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டினால்தான் கிளம்புது என்றால் காபன் பிரஷ் தேய்ஞ்சுபோச்சு. பழைய வாகனச் சாமான் விற்கிற கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய மோட்டார் எடுக்கலாம், ஆனால் கடையிலேயே பற்றரியில் சுத்திக் காட்டாமல் காசு கொடுக்காதேங்கோ. சுவிட்சும் தேர்மோஸ்டாட்டும் புதுசுதான் வாங்கவேணும், அதில் மிச்சம் பிடிக்கிறது வீண்.

ஃபேன் ஒழுங்கென்றால் ரேடியேற்றருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவில் டோர்ச் அடித்துப் பாருங்கோ. கடற்காற்றில் தகடுகள் பொடிஞ்சு, குப்பையும் அடைச்சிருக்கும்.

ஆறின எஞ்சினில் ரேடியேற்றர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ண, ரேடியேற்றரில் நிற்காமல் குமிழி வந்தால் மட்டும் ஹெட் காஸ்கெட் கதையைப் பேசலாம்.